தடியங்காயை அறுக்கலாமா, வேண்டாமா?

சித்தப்பா காய்கறிக் கடை போட்டு முப்பத்திரண்டு வருஷம் ஆகிறது. யாவாரம் எப்படி இருக்கு என்று யாராவது கேட்டால் ரூபாயில் பதில் சொல்ல மாட்டார். "இன்னைக்கு மூணு தடியங்கா அறுத்தேன்" என்பார். இல்லையென்றால், "ஒண்ணுதான் அறுத்தேன், அதுலயும் பாதி கெடக்கு" என்பார். கேட்டவர் தொழில் தெரிந்தவராக இருந்தால் அதற்கு மேல் ஒன்றும் கேட்க மாட்டார். ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை: வெண்பூசணியைத்தான் நாங்கள் தடியங்காய் என்போம். சாம்பல் பூத்த தோலோடு முழுசாகக் கிடந்தால் மாதக்கணக்கில் கெடாது. கத்தி பட்டுவிட்டால் கதை வேறு. அன்றைக்கே விற்றாக வேண்டும். மறுநாள் வெட்டுவாய் கொழகொழத்து ஈ மொய்க்கும். முழுக்காய் வாங்குகிறவர்கள் கல்யாண வீட்டுக்காரர்கள், ஹோட்டல்காரர்கள், அமாவாசைக்குத் திருஷ்டி சுற்றி உடைக்கிற கடைக்காரர்கள். மற்ற எல்லோருக்கும் வேண்டியது ஒரு கீத்து. மோர்க்குழம்புக்கோ அவியலுக்கோ கால் கிலோ, மிஞ்சினால் அரைக் கிலோ.

இந்தக் கீத்து வாங்குகிறவர் தடியங்காய் வாங்க வேண்டும் என்று வீட்டிலிருந்து கிளம்பி வருவதே இல்லை. கோயிலுக்கு வந்திருப்பார், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருப்பார், பஸ்ஸுக்கு இன்னும் பத்து நிமிஷம் இருக்கும். அறுத்து வைத்த காயின் வெள்ளை முகம் கண்ணில் படும். "நேத்து மோர் மிஞ்சிக் கெடக்கே" என்று ஞாபகம் வரும். நிற்பார். அதனால் காலையில் கத்தியைக் கையில் எடுக்கிறபோது சித்தப்பா போடுகிற கணக்கு காயைப் பற்றியது இல்லை. இன்றைக்கு இந்த வழியாக எத்தனை பேர் நடந்து போவார்கள் என்கிற கணக்கு அது.

அவர் மார்க்கெட்டை இடம் மாற்றினார்கள். நாலு வருஷம் தகரக் கொட்டகையில் இருந்துவிட்டு, போன வருஷம் புதுக் கட்டடத்துக்கு வந்திருக்கிறார்கள். அந்த நாலு வருஷத்தில் நான் பார்த்ததையும், இந்தச் சீமையில் பைக்கில் சுற்றுகிறவனாக மற்ற ஊர் மார்க்கெட்டுகளில் கண்டதையும் எழுதி வைக்கலாம் என்றுதான் இது. ஊர் பேரைச் சொல்லப் போவதில்லை. செங்கோட்டை ரயில் போகிற பாதையில் ஒரு ஆத்தங்கரை ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேரைச் சொன்னால் சித்தப்பாவுக்கு வாடகை ரசீது எழுதுகிறவர் முகம் கோணும். வயசு காலத்தில் அவருக்கு அது வேண்டாம்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். பழைய மார்க்கெட் சொர்க்கம் ஒன்றும் இல்லை. மழை பெய்தால் தகரத்திலிருந்து சொட்டுகிற தண்ணீரை விட கீழே ஓடுகிற தண்ணீர் மோசம். பெருச்சாளி பகலிலேயே உருளைக்கிழங்கு மூட்டைக்கு மேலே உட்கார்ந்து நம்மைப் பார்க்கும். கடை போட்டிருந்த பெண்களுக்கு ஒதுங்க ஒரு இடம் கிடையாது. பக்கத்துத் தெருவில் சொந்தக்காரர் வீடு இருந்தால் பிழைத்தார்கள். இடித்துக் கட்டப் போகிறோம் என்று சொன்னபோது சித்தப்பாதான் முதல் ஆளாக "கட்டட்டும்லே, நல்லதுதான" என்றார்.

ஆனால் அந்த அழுக்கு மார்க்கெட்டுக்கு நாலு வாசல் இருந்தன. மேற்கு வாசல் கோயில் தெருவில், கிழக்கு வாசல் பஸ் ஸ்டாண்டு பக்கம், தெற்கே பள்ளிக்கூடத்துக்குப் போகிற சந்து, வடக்கே மீன்கடை. கோயிலிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறவர்கள் ரோட்டைச் சுற்ற மாட்டார்கள். "மார்க்கெட் வழியாப் போயிருவோம்" என்பதுதான் ஊர்ப் பேச்சு. கவனித்துப் பாருங்கள், மார்க்கெட்டுக்குப் போவோம் இல்லை, மார்க்கெட் வழியாகப் போவோம். நாலரை மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு வருகிற டீச்சர்கள் பேசிக்கொண்டே நுழைந்து, பேச்சு முடிவதற்குள் கையில் ஒரு கட்டு கீரையும் ஒரு கீத்து தடியங்காயுமாக அந்தப் பக்கம் வெளியே வருவார்கள். மார்க்கெட் என்பது அந்த ஊரில் ஒரு குறுக்குச் சந்து. சந்தில் நடக்கிறவர்கள் மேல் காய்கறி ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

தற்காலிக இடம் என்று காட்டியது ஒரு திடல். பழைய இடத்திலிருந்து 600 மீட்டர் இருக்கும். நானே பைக் மீட்டரில் பார்த்தேன். விசாலமான இடம், லாரி திரும்பலாம், பைக் நிறுத்தலாம், தண்ணீர்க் குழாய் உண்டு. "இந்தா இருக்கு, கூப்பிடு தூரம்" என்றார்கள். தப்பில்லை, கூப்பிடு தூரம்தான். கூப்பிட்டால் கேட்கும். நடுவில் ரயில்வே கேட் இருந்தது.

அந்தக் கேட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காலையில் யாவாரம் சூடாக இருக்கிற நேரம் ஏழிலிருந்து ஒன்பது. அதே நேரத்தில்தான் வண்டி வருகிறது. கேட் அடைத்தால் பத்து நிமிஷம், எதிர்வண்டிக்காக நிறுத்தினால் கால் மணி நேரம். பைக்கில் வருகிறவன் ஹாரன் அடித்துக்கொண்டு காத்திருப்பான், திறந்ததும் போய்விடுவான். பையோடு நடந்து வருகிற பெண் என்ன செய்வாள்? போகும்போது காலிப்பை, குனிந்து நுழைந்துவிடலாம் (நுழையக் கூடாது, ஆனால் எல்லோரும் நுழைவார்கள்). திரும்பும்போது கையில் ஆறேழு கிலோ. கட்டைப்பையின் காது விரல்மடிப்பில் அறுத்து, சிவப்பாகக் கோடு விழுந்திருக்கும். கீழே வைக்கலாம் என்றால் ஜல்லிக்கல். ஒருநாள் அந்தக் கேட்டில் என் பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, பையைத் தன் பாதத்தின் மேலேயே வைத்துக்கொண்டு நின்றார். கீழே வைத்தால் தக்காளி நசுங்கும் என்று. கேட் திறக்கிற வரைக்கும் காலை அசைக்கவில்லை. "நாளைக்கு வீட்டு வாசல்ல வண்டிக்காரன் வாரான், அவங்கிட்டயே வாங்கிக்கிடுதேன் தம்பி. ரெண்டு ரூவா கூட இருந்தாலும் இருக்கட்டும்" என்றார். என்னிடம் எதற்குச் சொன்னார் என்று தெரியவில்லை. சித்தப்பா கடையில் என்னைப் பார்த்திருக்க வேண்டும்.

மார்க்கெட் தூரம் என்பது மீட்டரில் இல்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. திரும்பி வருகிறபோது கையில் இருக்கிற கனம், எத்தனை இடத்தில் அதைக் கீழே வைக்க வேண்டியிருக்கும், எத்தனை இடத்தில் வைக்க முடியாது, இதுதான் தூரம். இடம் தேர்ந்தெடுக்கிறவர்கள் ஜீப்பில் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். அவர்கள் கையில் ஒரு தடவையாவது ஆறு கிலோ பையைக் கொடுத்து நடக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

பஸ் விஷயம் இன்னொன்று. 2021 மே மாதம் முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டுக்குக் காசு இல்லை. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் அது மார்க்கெட் கணக்கையே மாற்றிப் போட்டது. முன்பு ஷேர் ஆட்டோவுக்குக் காசு கொடுத்து வாரத்துக்கு ஒருமுறை வந்தவர்கள், காசில்லாத பஸ்ஸில் வாரத்துக்கு மூன்று முறை வர ஆரம்பித்தார்கள். தினசரிச் சந்தைக்கு இதைவிட நல்ல செய்தி என்ன வேண்டும்? ஆனால் பஸ் பழைய பஸ் ஸ்டாண்டில் நின்றது. கடைகள் கேட்டுக்கு அந்தப் பக்கம். சித்தப்பா சொன்னது: "காசில்லாம கூட்டிட்டு வந்து நம்ம பழைய வாசல்ல எறக்கி விடுதான். அங்க சுவருதாம்லே இருக்கு. பஸ்ஸு அங்கன நிக்கி, நாம இங்கன நிக்கோம்."

பஸ் இறங்குகிற இடத்தில் ரோட்டோரமாகத் தரையில் சாக்கு விரித்துக் கடைகள் முளைத்தன. யார் போட்டார்கள் என்கிறீர்கள்? பாதிப் பேர் தகரக் கொட்டகையில் கடை எண் வாங்கியவர்களேதான். காலையில் பஸ் பக்கம், வெயில் ஏறியதும் கொட்டகை. கொட்டகைக்கு வாடகை, ரோட்டோரத்துக்குத் தண்டல். இரண்டும் கொடுத்தார்கள்.

கீரைக்கார ஆச்சி ஒருத்தி இருந்தாள். பழைய மார்க்கெட்டின் மேற்கு வாசலில், படிக்குக் கீழே உட்காருவாள். கோயிலுக்கு வருகிறவர்கள் செருப்பை அவள் பக்கத்தில் விட்டுவிட்டுப் போவார்கள், வரும்போது கூச்சத்துக்காவது ஒரு கட்டு தண்டங்கீரை வாங்குவார்கள். அவள் திடலுக்கு வந்து இரண்டு வாரம் உட்கார்ந்தாள். நான் பார்த்த அன்று பத்து மணிக்குக் கூடையில் முக்கால்வாசி அப்படியே இருந்தது. தண்ணீர் தெளித்துத் தெளித்து இலையெல்லாம் கருத்துவிட்டது. "இங்க வாரவுக எல்லாம் பைக்க விட்டு எறங்க மாட்டேங்காவ யய்யா. கீரைய எங்க தொங்கவிடுவாவ?" என்றாள். மூன்றாவது வாரம் காணவில்லை.

ஆச்சி சொன்னதில் பெரிய விஷயம் இருக்கிறது. திடலில் யாவாரமே செத்துவிடவில்லை. அதை நான் மறைக்கக் கூடாது. பைபாஸ் பக்கம் புதிதாக வந்த பிளாட்டுகளில் குடியிருக்கிறவர்கள், பழைய மார்க்கெட்டில் பைக் நிறுத்த இடமில்லை என்று வராமல் இருந்தவர்கள், திடலுக்கு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்து பல்லாரி வெங்காயம் மூணு கிலோ, தக்காளி ரெண்டு கிலோ, உருளைக்கிழங்கு ரெண்டு கிலோ என்று அள்ளிப் போட்டுக்கொண்டு போனார்கள். ஹோட்டல்காரர்களுக்கு லோடு ஆட்டோவைக் கடை வரைக்கும் கொண்டுவர முடிந்தது. மூட்டைக்கணக்கில் விற்கிற இரண்டு மூன்று பெரிய கடைக்காரர்கள் அந்த நாலு வருஷத்தில் நன்றாகவே சம்பாதித்தார்கள். ஆக, இடம் மாறியபோது மார்க்கெட் மொத்தமாக இளைக்கவில்லை. நடந்து வந்தவர்களை நம்பியிருந்தவர்கள் இளைத்தார்கள், வண்டியில் வருகிறவர்களுக்கு விற்றவர்கள் கொழுத்தார்கள். கீரை, பூ, வாழையிலை, எலுமிச்சை, வெற்றிலை, அறுத்த தடியங்காய், அறுத்த சேனை எல்லாம் முதல் கூட்டம். யாவாரம் நடக்குது என்று மேலிடத்தில் கணக்குக் காட்டியவர்கள் பொய் சொல்லவில்லை. யாருக்கு நடக்குது என்று எவரும் கேட்கவில்லை.

என் தொழிலில் இது எங்களுக்குப் பால பாடம். நான் மருந்துக் கம்பெனி ரெப். டாக்டர் வீட்டைவிட்டு வெளியே வருகிற நோயாளி எந்தப் பக்கம் திரும்புவார் என்று பார்த்துத்தான் மெடிக்கல் ஷாப் போடுவார்கள். பஸ் ஸ்டாப் இடது கைப் பக்கம் என்றால் இடது கைப் பக்கத்துக் கடைக்கு அட்வான்ஸ் அதிகம். டாக்டர் அடுத்த தெருவுக்குக் கிளினிக்கை மாற்றினால் ஆறே மாதத்தில் பழைய தெருவின் மருந்துக்கடை பேன்ஸி ஸ்டோர் ஆகியிருக்கும். மருந்து அதே மருந்து, விலை அச்சடித்த விலை. வழிதான் மாறியது.

கடை அப்படியே இருக்க, வழி மட்டும் மாறிப்போனால் என்ன ஆகும் என்பதை நெல்லை ஜங்ஷன் பார்த்தது. 2003-ல் வேய்ந்தான்குளத்தில் புதிய பஸ் ஸ்டாண்டு வந்தபோதே வெளியூர் பஸ்கள் அங்கே போய்விட்டன. ஆனாலும் டவுன் பஸ்களின் கூட்டம் ஜங்ஷனைக் காப்பாற்றியது. பிறகு, 2017-ல் நெல்லை ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் சேர்ந்து, ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டை 2018 கடைசியில் இடித்தார்கள். மறுபடி திறந்தது 2024-ல். அந்த இடைப்பட்ட காலத்தில் நான் வாரம் இரண்டு முறையாவது அந்தப் பக்கம் போயிருக்கிறேன். ஒரு கடையையும் யாரும் இடம் மாற்றவில்லை. பாத்திரக்கடை, லாலா கடை, பழக்கடை எல்லாம் நின்ற இடத்திலேயே நின்றன. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள்தான் இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்குத் தோள் இடிக்காமல் நடக்க முடியாத பிளாட்பாரத்தில் ஒரு பழக்கடைக்காரர் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "எந்திரிச்சுப் போகவும் முடியல அண்ணாச்சி, இருக்கவும் முடியல" என்றார். மார்க்கெட்டை நகர்த்த மார்க்கெட்டைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. பஸ்ஸை நகர்த்தினால் போதும்.

அதே திட்டத்தில்தான் டவுனில் ரத வீதியை ஒட்டிய போஸ் மார்க்கெட்டையும், பாளையங்கோட்டையில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து காந்தி மார்க்கெட்டையும் இடித்துக் கட்டினார்கள். இரண்டுமே பிறந்த இடம் அப்படி: ஒன்று நெல்லையப்பரைப் பார்த்துவிட்டு வருகிறவர்களின் காலடியில், இன்னொன்று பஸ் இறங்குகிறவர்களின் காலடியில். நல்லவேளையாக, புதிதாகக் கட்டினாலும் பழைய இடத்திலேயே கட்டினார்கள். எங்கேயாவது கொண்டுபோய்க் கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்குத் திருச்சி சாட்சி.

திருச்சியில் நூறு வருஷம் தாண்டிய காந்தி மார்க்கெட்டில் நெரிசல் தாங்கவில்லை என்று, மதுரை ரோட்டில் கள்ளிக்குடியில் மத்திய வணிக வளாகம் கட்டினார்கள். கிட்டத்தட்ட 77 கோடி ரூபாய். 2017-ல் திறந்தார்கள். வியாபாரிகள் போகவில்லை. ஊரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். மதுரை போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தக் கட்டடத்தைப் பார்த்திருக்கிறேன், வரிசை வரிசையாக ஷட்டர், எல்லாம் இறக்கியபடி. கொரோனா நேரத்தில் காந்தி மார்க்கெட்டை மூடியபோதுகூட வியாபாரிகள் பொன்மலை ஜி கார்னர் மைதானத்தில் மண்ணிலும் மழையிலும் கிடந்தார்களே தவிர, கட்டி வைத்த கள்ளிக்குடிக்குப் போகவில்லை. சங்கத்துக்காரர்களின் பிடிவாதம் என்று அப்போது எழுதினார்கள். பிடிவாதமும் இருக்கலாம். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு மூட்டை இறக்குகிற லோடுமேன் வீட்டுக்கு எப்படித் திரும்புவான், நாலு மணிக்கு உறையூரிலிருந்து தள்ளுவண்டிக்காரன் எதில் வருவான், ஐந்து கிலோ முருங்கைக்காய்க்குப் போகவர என்ன செலவு, இதையெல்லாம் யோசித்தால் அது பிடிவாதமாகத் தெரியாது. இப்போது பஞ்சப்பூரில் 2025-ல் பஸ் முனையம் திறந்து, அதன் பக்கத்திலேயே காய்கறி மார்க்கெட்டுக்கும் திட்டம் போட்டிருக்கிறார்கள். அதுவும் மதுரை ரோடுதான், ஆனால் இந்த முறை பஸ் முதலில் வந்திருக்கிறது.

"அப்போ கோயம்பேடு?" என்று கேட்பீர்கள். கொத்தவால் சாவடியிலிருந்து 1996-ல் மாற்றியது, அதுவும் ஊருக்கு வெளியேதானே? உண்மைதான், அப்போது அது வெளியே. ஆனால் அது மொத்த வியாபாரம். கர்நாடகத்திலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் வருகிற லாரிக்கு ஜார்ஜ் டவுன் சந்துகளைவிட அகலமான நெடுஞ்சாலை முனைதான் நல்ல இடம். 2002-ல் பக்கத்திலேயே பஸ் நிலையம் வந்ததும் ஊரே அங்கே வந்து சேர்ந்துவிட்டது. இத்தனைக்கும் பிறகு கொத்தவால் சாவடி செத்துவிட்டதா என்றால், இல்லை. பக்கத்துத் தெருக்காரர்களுக்குச் சில்லறையாகக் காய் விற்றுக்கொண்டு இன்றைக்கும் இருக்கிறது. லாரிக்கு விற்றது போனது, காலுக்கு விற்றது தங்கிவிட்டது.

நம் பக்கத்திலேயே பாவூர்சத்திரம் இருக்கிறதே. அந்தக் காமராஜர் மார்க்கெட் பெரிய நகரத்தின் நடுவிலா இருக்கிறது? தென்காசி ரோட்டில், சுற்றிலும் கத்தரியும் வெண்டையும் மிளகாயும் விளைகிற ஊர்களுக்கு நடுவே, ஆரியங்காவு வழியாகக் கேரளாவுக்கு வண்டி போகிற பாதையில் இருக்கிறது. அதற்கு அதுதான் நடுச்சந்தை. மேலப்பாளையம் ஆட்டுச் சந்தையும் அப்படி. செவ்வாய்க்கிழமை என்றால் செவ்வாய்க்கிழமை, ஆடு வாங்குகிறவன் எங்கிருந்தாலும் தேடிக்கொண்டு வருவான். ஆட்டை யாரும் கோயிலுக்குப் போகிற வழியில் ஞாபகம் வந்து வாங்குவதில்லை. தேடி வந்து வாங்குகிற சரக்கு எங்கேயும் பிழைக்கும். போகிற வழியில் வாங்குகிற சரக்கு வழியில்தான் பிழைக்கும். இடம் மாற்றுகிறவர்கள் முதலில் பிரிக்க வேண்டியது இதை. எங்கள் ஊரில் இரண்டையும் ஒரே கொட்டகையில் போட்டார்கள்.

உழவர் சந்தையை 1999-ல் மதுரையில் ஆரம்பித்தபோது, விவசாயி காய்மூட்டையோடு பஸ் ஏறுவதையும் சேர்த்தே யோசித்தார்கள். அது எனக்கு எப்போதும் பிடித்த விஷயம். பாளை மகாராஜநகர் உழவர் சந்தைக்குக் காலையில் போனால் தெரியும். நடைப்பயிற்சி முடித்து வருகிறவர்கள் கையில் பையில்லாமல் வந்து, வேட்டி முனையில் உள்ளியை (சின்ன வெங்காயத்தை) முடிந்துகொண்டு போகிறதைப் பார்க்கலாம். சுற்றிலும் வீடுகள். வழியில் சந்தை. வேறு ரகசியம் இல்லை.

சரி, எங்கள் புதுக் கட்டடத்துக்கு வருவோம். போன வருஷம் திறந்தார்கள். பழைய இடமேதான், ஒரு அடி கூட நகரவில்லை. டைல்ஸ், லைட், பெண்களுக்குக் கழிவறை (இதற்காக மட்டுமே கட்டியவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம்), மாடியில் இன்னும் ஒரு வரிசைக் கடை. மாடியில் கத்தரிக்காய் விற்காது என்று படியைப் பார்த்தவுடனேயே சித்தி சொன்னாள். விற்கவில்லை. இப்போது அங்கே இரண்டு தையல்காரர்களும் ஒரு ஜெராக்ஸ் கடையும்.

சித்தப்பாவுக்குக் கீழ்த்தளத்தில், மூன்றாவது வரிசையில் கடை. முதல் ஒரு மாதம் அவருக்கு ஏன் யாவாரம் திரும்பவில்லை என்று புரியவே இல்லை. இடம் அதுதான், பஸ் ஸ்டாண்டு பக்கத்தில்தான், கோயில் பக்கத்தில்தான். திடலிலாவது கேட் மேல் பழி போடலாம். இங்கே எதன்மேல் போடுவது?

நான் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் போயிருந்தேன். நாலரை மணி. டீச்சர்கள் பள்ளிக்கூடம் விட்டு வந்தார்கள். தெற்குச் சந்தில் நடந்து, மார்க்கெட் சுவர் வரைக்கும் வந்து, சுவரோடு திரும்பி, ரோட்டைச் சுற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனார்கள். பேசிக்கொண்டேதான் போனார்கள். அப்போதுதான் கட்டடத்தைச் சுற்றி ஒரு தடவை நடந்து பார்த்தேன். வடக்கே ஒரு பெரிய வாசல், பைக் நிறுத்துகிற இடத்தோடு. கிழக்கே சுவர். தெற்கே சுவர். மேற்கே, கோயில் தெருவில், ஒரு இரும்புக் கேட், சரக்கு இறக்க மட்டும் என்று எழுதி, பூட்டு. நாலு வாசல் ஒரு வாசலாகிவிட்டது. பாதுகாப்புக்கும் குத்தகை வசூலுக்கும் ஒரு வாசல் வசதி என்று காரணம் சொன்னார்களாம். சந்து முட்டுச்சந்து ஆகிவிட்டது. முட்டுச்சந்தில் யாரும் "வழியாக" போக முடியாது இல்லையா?

சித்தப்பாவிடம் வந்து சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "முப்பது வருசமா அந்த வாசல்ல வாரவுகளத்தாம்லே பாத்துக்கிட்டு இருந்தேன், வாசலப் பாக்கலியே" என்றார்.

மேற்கு கேட்டைக் காலையில் மூன்று மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம் திறந்துவிடக் கேட்டு மனு எழுதினோம். நான்தான் எழுதினேன், தமிழில் ஒன்று, டைப் அடித்து ஒன்று. நாற்பத்தொரு கடைக்காரர்கள் கையெழுத்து. மூன்று பேர் போடவில்லை, மூவரும் வடக்கு வாசலை ஒட்டிக் கடை கிடைத்தவர்கள். அவர்களைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. மனு போய்ச் சேர்ந்துவிட்டது. பதில் வரவில்லை.

இரண்டு வாரத்துக்கு முன்னால், பொங்கல் சரக்கு வருகிற நேரம். சிறுகிழங்கும் மஞ்சள் குலையும் ஏற்றிய வண்டி மேற்குப் பக்கமாக வந்து நின்றது. இறக்குவதற்காக கேட்டைத் திறந்தார்கள். திறந்த ஆள் டீ குடிக்கப் போனவர் திரும்பி வர ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. மார்கழி மாசம், கோயிலில் காலைப் பூசை முடிந்து கூட்டம் கலைகிற நேரம். கேட் திறந்து கிடப்பதைப் பார்த்து முதலில் இரண்டு பெண்கள் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார்கள். பின்னால் இன்னும் நாலு பேர். அப்புறம் எண்ண முடியவில்லை. நெற்றியில் ஈரத் திருநீறும் கையில் பொங்கல் தொன்னையுமாக, அந்தப் பக்கம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற பழைய பழக்கத்தில் மூன்றாவது வரிசையில் நடந்தார்கள். அந்தப் பக்கம் சுவர் என்று கண்டு திரும்பியும் வந்தார்கள். இரண்டு தடவை கடையைத் தாண்டினார்கள்.

சித்தப்பா ஒன்றை அறுத்தார். அது தீர்வதற்குள் இரண்டாவதை எடுத்து, தோளில் கிடந்த துண்டால் சாம்பலைத் துடைத்து, கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அறுக்கவாலே?"

"அறுங்க சித்தப்பா."

அறுத்தார். பாதி போயிருக்கும். டீ குடிக்கப் போனவர் வந்து கேட்டை இழுத்துச் சாத்திப் பூட்டினார். மிச்சப் பாதியைச் சித்தி ஈரச்சாக்கில் சுற்றி நிழலில் வைத்தாள். மறுநாள் அவர்கள் வீட்டில் மோர்க்குழம்பு.